சன்னதித் தெரு ரோடு: பணம் திரட்டுவதற்கு முன்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

தோஹா தம்பி குண்டும் குழியுமாகக் கிடக்கும் சன்னதித் தெருவின் படங்களைப் போட்டதிலிருந்து, நம் ஊர்க்காரர்களின் இந்த மடல் குழுவில் “நானும் தருகிறேன்” என்ற மடல்கள் நிற்காமல் வருகின்றன. நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாமே பணம் சேர்த்து, ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்துத் தார் ஊற்றிவிடலாம் என்ற யோசனைக்கு எனக்குச் சம்மதமில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ரோடு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அந்தத் தெரு பேரூராட்சியின் சொத்து. மன்றத் தீர்மானமும் அனுமதியும் இல்லாமல் அதில் நாம் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்ட முடியாது. அப்படியே கொட்டினாலும், அடுத்த ஐப்பசி மழையில் பெயர்ந்தால் யாரைக் கேட்பது? டெண்டர் விட்ட வேலை என்றால் கான்ட்ராக்டரின் வைப்புத் தொகை அலுவலகத்தின் பிடியில் இருக்கும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குள் கெட்டால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். நாம் கைக்காசு கொடுத்துப் போடும் ரோட்டுக்கு அந்தப் பிடி எதுவும் கிடையாது.

இன்னொன்று. படங்களில் கடைசி மூன்றும் சன்னதித் தெருவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடிக்கு வரும் பெரிய ரோடு அது. நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அந்தப் பள்ளத்துக்கு நம் சேர்மனைத் திட்டி ஒரு பயனும் இல்லை, கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குத்தான் மனு போக வேண்டும். ஊரில் பாதிப் புகார்கள் தப்பான வாசலில்தான் காத்துக் கிடக்கின்றன.

சரி, பேரூராட்சியிடம் பணமே இல்லையா? அது அரை உண்மை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை ஆகியவை சொந்த வருமானம். நம் ஊர் அளவுள்ள பேரூராட்சியில் சம்பளம், தெருவிளக்குக் கரண்ட் பில், துப்புரவு என்று அது கரைந்துவிடும். அடுத்தது மாநில நிதி ஆணையப் பங்கு. தமிழ்நாடு அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அப்புறம் மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குச் சொன்ன கணக்கில், பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வரும் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ரோடும் மற்றதும். ஆகவே, “மத்திய அரசு கோடி கோடியாகக் கொடுக்கிறதே” என்று வாட்ஸப்பில் வருவதைப் பார்த்துப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அதனால் புது ரோடு என்று வந்தால் பேரூராட்சிகள் பெரும்பாலும் திட்ட நிதியைத்தான் எதிர்பார்த்திருக்கும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலைகளுக்கான மாநிலத் திட்டம், நபார்டு கடன் இப்படி. ஆட்சி மாறினால் பெயர் மாறும், வழி அதேதான். ஊரிலிருந்து எந்தத் தெரு, எத்தனை மீட்டர், என்ன மதிப்பீடு என்று பட்டியல் மேலே போகும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தெருவுக்கு எந்த அமைச்சர் வந்தாலும் ரோடு வராது. எம்எல்ஏவைப் பிடிக்கலாம் என்று சிங்கப்பூர் மதினி எழுதியிருந்தார்கள். பிடிக்கலாம். அவருடைய தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதுவும் தொகுதி முழுவதற்கும். எம்பிக்கு 5 கோடி, அவருக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒரு நிழற்குடைக்கோ சின்னச் சந்துக்கோ அது போதும். சன்னதித் தெரு நீளத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது.

எனக்கு நிஜமாகவே கவலையாக இருப்பது பணமில்லை, வரிசை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் சன்னதித் தெருவில் தெற்குப் பக்கம் பதித்தாயிற்று, வடக்குப் பக்கம் பாக்கி. வாறுகால் (சாக்கடைக் கால்வாய்) உடைந்து கிடக்கிறது. இந்த நிலையில் மேலே தார் போட்டால், பளபளப்புக் குறைவதற்குள் வடக்குப் பக்கம் ஜேசிபி வந்து நிற்கும். வீட்டு இணைப்புக்கு என்று ஆளாளுக்கு ஒரு குறுக்கு வெட்டு வேறு. வெட்டிய இடத்தை மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள், முதல் மழையில் அது இறங்கும், இறங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும். தார் ரோட்டைக் கெடுப்பது லாரியைவிடத் தேங்கும் தண்ணீர்தான். கீழத்தெருவில் நடந்தது இதுதானே. அங்கே பேவர் பிளாக் என்பதால் பெயர்த்துத் திரும்பப் பதிக்கவாவது முடிந்தது, மேடு பள்ளமாக இருந்தாலும். ஆகவே குழாய், வீட்டு இணைப்பு, வாறுகால், அதற்குப் பிறகு ரோடு. குழாய் வேலை முடிந்தது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது என்பது என் கட்சி.

மட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமாள் கோவில் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போவோம். இப்போது சில வீடுகளில் ரோட்டிலிருந்து இறங்கிப் போகிறார்கள். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வந்த வினை. 2021 மே மாதம் அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீட்டு மட்டத்துக்கு மேல் ரோடு உயரக் கூடாது என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் இப்படிச் சுரண்டும் மில்லிங் வேலை எஸ்டிமேட்டில் தனி வரியாக இருந்தால்தான் இயந்திரம் வரும். எஸ்டிமேட்டில் விட்டுப்போனதைக் கான்ட்ராக்டர் தர்மத்துக்குச் செய்ய மாட்டார். அதனால் எஸ்டிமேட் நகலை முன்கூட்டியே பார்ப்பது முக்கியம்.

எஸ்டிமேட் தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். உள்ளாட்சி வேலைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். “இருபது லட்சத்துக்கு ரோடு போட்டார்கள்” என்றால் ரோட்டில் இறங்கியது இருபது லட்சம் இல்லை. கொள்ளை என்று கூவுவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் கணக்கு உதைத்தால் தாராளமாகக் கூவலாம்.

அப்படியானால் நம் பணத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நமக்கு நாமே திட்டம். 1997இல் வந்தது, இப்போதைய வடிவில் 2021இலிருந்து நடக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும்; வேலையைப் பொறுத்து நம் பங்கு பாதி வரைக்கும் போகும். பதினைந்து லட்சம் மதிப்பீட்டுக்கு நாம் ஐந்து கட்டினால் பத்து அங்கிருந்து வரும். பணம் பேரூராட்சிக் கணக்குக்குப் போகும், ரசீது வரும், டெண்டர், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், தணிக்கை எல்லாம் அதற்கும் உண்டு. நம் ஊர்ச் சங்கத் தலைவர் வீட்டுத் திண்ணையில் கணக்கு நோட்டு வைத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. (கோவில் கொடைக் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை இங்கே கிளற மாட்டேன்.)

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வளைகுடாவிலோ வேறெங்கோ சம்பாதித்த தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் என்று குடியுரிமை மாற்றிக்கொண்டவர்கள் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர்தான். அவர்கள் பணத்தை வாங்க வேண்டுமென்றால் நம் சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. ஊரில் இருக்கும் அத்தை கணக்குக்கு அனுப்பி அத்தை எடுத்துக் கொடுக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். எழுபது வயதில் அவர்களுக்கு நோட்டீஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி, சிலருக்குப் பிடிக்காத பேச்சு. இந்தக் குழுவில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது. எத்தனை பேர் வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம்? 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது நம் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். வெளிநாட்டுக் காசில் கட்டிய நம் வீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். அப்போது கோபப்பட்டு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மாடி எடுத்துவிட்டு அளவை மாற்றிக் கொடுக்காதவர்களையும் தெரியும். 15ஆவது நிதிக்குழு போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்குச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் மானியத்துக்கு ஆபத்து. பூட்டிய வீட்டுப் பாக்கி இரண்டு பக்கமும் ஊரை அடிக்கிறது. ஒரு தடவை இருபதாயிரம் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்வது சுலபம். அரையாண்டுக்கு ஒரு தடவை வரி கட்டினால் மாலை போட யாரும் வர மாட்டார்கள். இருந்தாலும் கட்டுங்கள். ஆன்லைனில் கட்டலாம், ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

மன்றத்தையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. அதனால் வேலை தேங்கிப்போன தெருக்கள் நிறைய. ஆனால் பட்டியலில் எது முதலில் என்பதில் யாருடைய குரல் சத்தமாகக் கேட்கிறது என்பதும் ஒரு பங்கு. சன்னதித் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. குரல் எங்கிருந்து வரும்?

இப்போதைக்கு மூன்று பேர் தேவை. குழாய் வேலை எப்போது முடியும் என்று கேட்டுச் செயல் அலுவலரிடம் மனுவைக் கையில் கொடுத்து ஒப்புகை வாங்க, தெருவில் குடியிருக்கும் ஒருவர். வார்டு கவுன்சிலரைப் பார்த்துத் தீர்மானத்தில் தெருவின் பெயரைச் சேர்க்கச் சொல்ல, அவருக்கு உறவுக்காரர் ஒருவர். யாரென்று எல்லோருக்கும் தெரியும், அவரே கை தூக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் நகல் கேட்க ஒருவர். அந்த மனு போட இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை நடக்கும்போது பொருளின் மாதிரி எடுத்துப் பார்க்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டை அண்ணாச்சி பணி ஓய்வில் இருப்பதால் இந்த மனு வேலைக்கு அவர் பெயரைச் சொல்லலாமா என்று நினைத்தேன், அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது. அண்ணாச்சி, மடலைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
மேலத்தெருக்காரன், மஸ்கட்டிலிருந்து