ரிட்டாலியேட்டர்ல இருக்கிறது எந்த ஸ்ப்ரிங்?
மக்களே ஒரு ஹெல்ப் வேணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு நெர்ஃப் ரிட்டாலியேட்டர் (ஃபோம் டார்ட் சுடுற பொம்மைத் துப்பாக்கி) வாங்கினேன், இழுத்து லோடு பண்றதுக்குள்ள கை வலிக்குது, டார்ட் செவுத்துல பட்டு தலையே பிஞ்சு வந்துடுது, சரின்னு ஸ்க்ரூ கழட்டிப் பாத்தா உள்ள கருப்பா வேற ஒரு ஸ்ப்ரிங், வித்தவருக்கும் அது என்னன்னு தெரியலயாம். வெர்னியர்ல அளந்ததுல கம்பி 1.4 மி.மீ., சுத்து 30. ஸ்ப்ரிங்கோட விசையை வச்சு 5 கிலோ, 7 கிலோன்னு விக்கிறாங்களே, அதுல இது எது? விட்டமும் சுத்தும் மாறாம கம்பி மட்டும் 1.2லேர்ந்து 1.4 ஆனாலே விறைப்பு 1.85 மடங்கு ஏறிடும், அதான் பயம், ஏன்னா கேட்ச் (இழுத்த ஸ்ப்ரிங்கைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) இன்னும் பழைய பிளாஸ்டிக்தான், ஓரம் லேசா வெளுத்திருக்கு. பையன் கைல தர மனசு வரல. ஒரிஜினல் ஸ்ப்ரிங் வச்சிருக்கவங்க கம்பி தடிமன், வெளி விட்டம், அமுக்காத நீளம் மூணையும் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்.