ரிசப்ஷன் வகுப்பில் இடம் இல்லை என்கிறார்கள், அப்பீல் எப்படி எழுதுவது? (அவசரம்)

ஹாரோ அம்மா (ஏப்ரல் 17, இரவு 11.40)
நேற்று மின்னஞ்சல் வந்தது. நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். செப்டம்பரில் ரிசப்ஷன் (இங்கே பள்ளியின் முதல் வகுப்பு) சேர வேண்டிய மகளுக்குக் கேட்ட பள்ளி கிடைக்கவில்லை. நாங்கள் எழுதவே எழுதாத ஒரு பள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கேட்ட பள்ளி நடக்கிற தூரம்தான். நான் வேலையை விட வேண்டிவரும் போலிருக்கிறது. யாரிடமாவது அப்பீலுக்கு மாதிரிக் கடிதம் இருக்கிறதா?

குளிர்காலம்
சகோதரி, விவரம் ஒன்றுமே இல்லையே. உள்ளாட்சி நடத்தும் கவுன்சில் பள்ளியா, அரசுப் பணத்தில் தனி நிர்வாகமாக நடக்கும் அகாடமியா, சர்ச் பள்ளியா? விண்ணப்பம் ஜனவரி 15க்குள் போனதா? எத்தனை பள்ளி எழுதினீர்கள்? மறுத்ததற்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள்?

ஈஸ்ட்ஹாம் மாமா
முதல் வேலையாக, கொடுத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் உங்களுக்குத் திருப்தி என்று ஃபைலை மூடிவிடுவார்கள். என் மைத்துனர் அப்படித்தான் ஏமாந்தார்.

நிதானம்
மாமா, தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். கொடுத்த இடத்தை ஏற்றுக்கொண்டே அப்பீலும் போடலாம், வெயிட்டிங் லிஸ்டிலும் நிற்கலாம். வேண்டாம் என்று எழுதினால் செப்டம்பரில் பிள்ளை வீட்டில்தான்.

ஹாரோ அம்மா, வருடா வருடம் ஏப்ரலில் வருகிற கேள்வி இது. இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படித்திருந்தால் மாதிரிக் கடிதம் கேட்டிருக்க மாட்டீர்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான். அந்த எண்ணிக்கை நிறைந்துவிட்டால் இரண்டு பஸ், வேலை, கண்ணீர் எதுவும் பெரிதாக எடுபடாது. சேர்க்கை விதியே சட்டத்துக்குப் புறம்பானதா, விதியைத் தப்பாகப் பயன்படுத்தி இடம் பறிபோனதா, நியாயமான எந்த நிர்வாகமும் எடுக்காத முடிவா, இதைத்தான் அப்பீல் குழு பார்க்கும்.

கீரைக்கட்டு
டாக்டர் கடிதம் வாங்குங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்னும் நல்லது.

குளிர்காலம்
இருந்தால்தானே வாங்குவது?

ஹாரோ அம்மா (ஏப்ரல் 18)
கவுன்சில் பள்ளிதான். டிசம்பரிலேயே அனுப்பிவிட்டோம். நாலு பள்ளி எழுதினோம். தூரம் அடிப்படையில் இடம் கிடைக்கவில்லை என்று போட்டிருக்கிறார்கள். மூத்தவனைக் காலையில் அங்கே விட்டுவிட்டு இவளை எப்படி இன்னொரு பக்கம் கூட்டிப்போவது, அதுதான் புரியவில்லை.

குளிர்காலம்
மூத்தவனா? அதே பள்ளியிலா??

ஹாரோ அம்மா
ஆமாம், இயர் 3. அதனால்தானே அந்தப் பள்ளியைக் கேட்டோம்.

நிதானம்
இதை முதல் பதிவிலேயே சொல்ல வேண்டாமா? அண்ணன் படிக்கிற பள்ளி என்றால் பெரும்பாலும் தூரத்துக்கு முன்னால் உடன்பிறப்புகளுக்கான முன்னுரிமை வரிசை வரும். உங்களைத் தூர வரிசையில் வைத்தது ஏன்? அவன் சேர்ந்தபின் வீடு மாறினீர்களா? சில இடங்களில் தள்ளிப் போய்விட்டால் அந்த முன்னுரிமை போய்விடும். படிவத்தில் அவன் பெயரை எழுதினீர்களா?

ஹாரோ அம்மா
வீடு மாறவில்லை. பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதினோம். ஆனால் சர்நேம் வேறு வேறு. அவன் திருச்சியில் பிறந்தவன், அவனுக்கு அப்பா பெயர்தான் சர்நேம். இவள் இங்கே பிறந்ததால் அப்பாவின் சர்நேமையே போட்டோம், அதாவது தாத்தா பெயர்.

கீரைக்கட்டு
அடடா. அங்கேதான் இடித்திருக்கும்.

ஈஸ்ட்ஹாம் மாமா
இதற்குத்தான் ஊரிலேயே குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூன்று சர்நேம். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் விசாரணை.

வல்லிபுரத்தான்
ஏன் வைக்க வேண்டும்? அப்பா பெயரை முன்னால் போடுவது நம் வழக்கம். படிவத்தை மாற்றச் சொல்லுங்கள், பெயரை ஏன் மாற்ற வேண்டும்?

ஈஸ்ட்ஹாம் மாமா
சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர் காலமாகி முப்பது வருடம் ஆகிறது. எழுந்து போகவே ஒரு மாதிரி இருக்கிறது.

வல்லிபுரத்தான்
எனக்கு அது பிடிக்கும். அவரை இன்னும் யாரோ கூப்பிடுகிறார்களே.

கீரைக்கட்டு
சாதிப் பெயரைச் சர்நேமாக ஒட்டிக்கொள்வதைவிட அப்பா பெயர் எவ்வளவோ மேல்.

குளிர்காலம்
இதற்குத் தனி இழை போடுங்கள், அண்ணன்மாரே.

ஹாரோ அம்மா, திங்கட்கிழமையே கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள்: மகளை எந்த வரிசையில் வைத்தார்கள், கடைசியாக இடம் பெற்ற பிள்ளை எந்த வரிசை. பள்ளி அலுவலகத்தில் மூத்தவன் அங்கே படிக்கிறான் என்று கடிதம் வாங்குங்கள். இரண்டு பிறப்புச் சான்றிதழையும் வையுங்கள். தவறு அவர்களுடையது, அதனால்தான் இடம் போனது என்று உறுதியானால் 31ஆவது பிள்ளையாகச் சேர்த்தாலும் சட்டமீறல் ஆகாது. அப்பீலுக்குக் கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும். பதில் வரட்டும் என்று அதைத் தவறவிடாதீர்கள்.

நிதானம்
வெயிட்டிங் லிஸ்டிலும் வரிசையைத் திருத்தச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை டிசம்பர் 31 வரையாவது வைத்திருந்தே ஆக வேண்டும். முதல் நாளே விவரம் சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

குளிர்காலம் (மே 6)
என்ன ஆயிற்று, சகோதரி?

ஹாரோ அம்மா (ஜூன் 9)
மன்னிக்கவும், மறந்தே போய்விட்டேன். அப்பீல் விசாரணைக்கு முன்னாலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். சீருடை வாங்கிவிட்டோம். சர்நேமை இப்போதே மாற்றிவிடலாமா, எவ்வளவு செலவாகும், யாருக்காவது தெரியுமா?