புதுப்பிப்பு: ஹேக்கத்தான் மதிப்பெண் விவகாரம்

போன வாரம் புலம்பியதன் தொடர்ச்சி. படிக்காதவர்களுக்கு: 24 மணி நேர ஹேக்கத்தான் (குறித்த நேரத்துக்குள் மென்பொருள் உருவாக்கும் போட்டி) ஒன்றில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. ஜெயித்தவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த நிரலைக் கொண்டுவந்தார்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தேன்.

அதில் நான் அவசரப்பட்டுவிட்டேன். அவர்களுடைய கிட் (Git) பதிவுகளை, அதாவது நிரலில் எந்த மாற்றம் எப்போது நடந்தது என்ற குறிப்புகளைப் பார்த்தேன், எல்லாம் போட்டி தொடங்கிய பிறகுதான். நேரில் மன்னிப்புக் கேட்டு டீயும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஆனால் ஏற்பாட்டாளர்கள் மதிப்பெண் தாளைக் காட்டினார்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். எங்கள் அறை நடுவர் யாருக்குமே 7-க்கு மேல் போடவில்லை. பக்கத்து அறைக்காரர் தாராள மனசு, 8-க்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டையும் அப்படியே ஒரே பட்டியலில் கொட்டி வரிசைப்படுத்திவிட்டார்கள். அப்புறம் எங்கள் அறையிலிருந்து யார் மேலே போக முடியும்?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஹேக்எம்ஐடி என்ற ஹேக்கத்தானுக்கென்று எழுதப்பட்ட கேவல் என்ற திறமூல மென்பொருள் உண்டு. அதில் நடுவர் மதிப்பெண்ணே போடுவதில்லை. இப்போது பார்த்த திட்டம், இதற்கு முன் பார்த்ததைவிட மேலா இல்லையா என்று மட்டும் சொல்கிறார். அந்த ஒப்பீடுகளை வைத்து மென்பொருள் தரவரிசை போடுகிறது. நடுவர் கறாரா, தாராளமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்பாட்டாளர்களுக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

முடிவை மாற்ற மாட்டார்களாம். 2013-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் 10 லட்சம் டாலர் ஹேக்கத்தானில் சர்ச்சை வெடித்தபோது, சமநிலை என்று அறிவித்து இரண்டாம் இடத்துக்கும் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இங்கே முதல் பரிசே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். அதை எப்படிப் பங்கு போடுவது?