புதுப்பிப்பு: பெக்வித்-வீடமன், ரத்தம் ‘நோர்மல்’ என்று வந்தால்?

பெக்வித்-வீடமன் என்பது குழந்தையின் உடலோ சில உறுப்புகளோ அளவுக்கு மீறி வளரும், சில கட்டிகள் வரும் அபாயமும் கூடும் ஒரு மரபணு நோய்நிலை. போன பதிவில், 11ஆம் குரோமோசோமின் மெத்திலேஷன் (மரபணு இயங்குவதைக் கட்டுப்படுத்தும் இரசாயன அடையாளம்) பரிசோதனை ரத்தத்தில் நோர்மல் என்றால் பெக்வித்-வீடமன் இல்லை என்று எழுதியிருந்தோம். அது பிழை. மாற்றம் உடலின் சில கலங்களில் மட்டும் இருக்கலாம், ரத்தத்தில் அகப்படாது. பெரிய நாக்கு, ஒரு பக்கம் தடித்த கால் என்று அடையாளம் தெளிவாக இருந்தால், நாக்குச் சத்திரசிகிச்சையில் வெட்டும் திசுவையோ தோலையோ சோதிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அந்தத் துண்டு வீசப்பட்டபின் கேட்டுப் பயனில்லை.

கட்டி வந்தால் நேரத்தோடு கண்டுபிடிக்க எடுக்கும் வயிற்று ஸ்கான் வழமையாக 3 மாதத்துக்கு ஒருமுறை, 7 வயதுவரை. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வேகமாக வளரும்.

ஈரல் கட்டிக்கு ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி (AFP) என்ற புரதம் பச்சைக் குழந்தையில் இயல்பாகவே ஆயிரக்கணக்கில் இருக்கும். முறைப்படி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒருமுறை பொரளை லாப், மறுமுறை வெள்ளவத்தை லாப் என்று மாற்றினால் எண்களை ஒப்பிடுவது சிரமம்.