உறுப்பு 'அறுவடை' வேண்டாம், வேறு சொல் சொல்லுங்கள் (திங்களுக்குள்)

காட்பாடியார்:
வணக்கம். மருத்துவ உதவியாளர் வகுப்புக்கு உறுப்புக் கொடைச் சட்டம் பற்றி எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மூளைத்தண்டுச் சாவு (மூளைத்தண்டு மீள முடியாதபடி செயலிழப்பது), நெருங்கிய உறவினர், ஒப்புதல் எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. அந்தச் சாவை உறுதி செய்ய நான்கு டாக்டர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்க வேண்டும், மாற்று அறுவை செய்யும் டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது என்பது வரை தங்கு தடையில்லாமல் வந்துவிட்டேன். அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். உடலிலிருந்து உறுப்பை வெளியே எடுக்கும் அறுவைக்கு என்ன பெயர்? 'உறுப்பு அறுவடை' என்று பலகையில் எழுதினேன். அணைக்கட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "சார், அது நெல்லுக்குச் சொல்றது" என்றாள். அவள் சிரிக்கவும் இல்லை.

ஆம்பூரார்:
1994 சட்டத்தின் முகப்பு வாசகமே அகற்றுதல், சேமித்தல், பொருத்துதல் என்றுதான் போகிறது. 'உறுப்பு அகற்றல்' என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

குடியாத்தம் அம்மா:
வேண்டாததைத்தான் அகற்றுவார்கள். கட்டி, சொத்தைப் பல், பஜார் ஆக்கிரமிப்பு. 2023இலிருந்து கொடையாளர் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள், அவரிடமிருந்து 'அகற்றினோம்' என்றா எழுதுவது? 'மீட்பு' எப்படி?

ஆம்பூரார்:
மீட்க வேண்டுமென்றால் முதலில் யாராவது கடத்தியிருக்க வேண்டும், இல்லை கிணற்றில் விழுந்திருக்க வேண்டும்.

ஆரணி ஐயா:
'கொய்தல்' இருக்க ஏன் இத்தனை அலைச்சல்? பூவை நோகாமல் பறிப்பது கொய்தல். புடவை மடிப்பு கொய்சகம், அதுதான் பேச்சில் கொசுவம் ஆயிற்று. கொய்யாப்பழமும் கொய்வதால் வந்த பெயரே.

ஆம்பூரார்:
கொய்யா போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்தது ஐயா. தலையையும் கொய்வார்கள், மறந்துவிட்டீர்களா?

ஆரணி ஐயா:
தலை கொய்வது பகைவன். வினை செய்வோன் மாறினால் பொருளும் மாறும்.

வாலாஜா தம்பி:
'உறுப்பேற்பு' சொல்லலாமா? கொடைக்கு எதிர் ஏற்பு.

குடியாத்தம் அம்மா:
ஒன்றாம் வகுப்பிலேயே 'ஏற்பது இகழ்ச்சி' என்று படிக்க வைத்துவிட்டோமே தம்பி. டயாலிசிஸில் காத்திருக்கிறவர் காதில் அது எப்படி விழும்?

(இதன்பின் ஈ, தா, கொடு மூன்றில் யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று தொல்காப்பியத்தை வைத்து ஆரணி ஐயாவும் ஆம்பூராரும் பதினொரு மடல் எழுதினார்கள். கையேட்டுக்கு உதவுவது ஒன்றும் அதில் இல்லை.)

வேலூர் செவிலியர்:
எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன், நைட் டூட்டி. வார்டில் நாங்கள் 'எடுக்கிறது' என்றுதான் சொல்கிறோம். 1971லேயே சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று நடந்த ஊர் இது, ஆட்டோக்காரருக்கும் 'கிட்னி எடுக்கிறது' புரியும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு அப்பா என்னிடம் "எப்பம்மா எடுப்பீங்க?" என்று கேட்டார். தியேட்டர் நேரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து "சாயங்காலம் நாலு மணிக்கு" என்றேன். சாவு வீட்டில் எடுப்பதென்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா, அந்த நேரம் தோன்றவில்லை. அவர் ஊருக்குப் போன் போட்டு நாலு மணிக்கே எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மேளக்காரர் வந்து இருட்டும் வரை தெருவில் உட்கார்ந்திருந்தாராம். உடல் ஊர் போய்ச் சேர நடுராத்திரி ஆனது.

காட்பாடியார்:
இதைப் படித்த பிறகு ஒரு மணி நேரம் நான் எதுவும் எழுதவில்லை. அப்புறம் 'உறுப்பு எடுத்தல்' என்றே போட்டுவிட்டேன். கீழே ஒரு குறிப்பு: குடும்பத்தாரிடம் பேசும்போது 'எடுப்பது' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், கண்ணை, கிட்னியை என்று பெயர் சொல்லிப் பேசுங்கள், உடலை எப்போது கையில் கொடுப்போம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் சரி என்றார்கள், வாலாஜா தம்பி பதிலே போடவில்லை.

ஆரணி ஐயா:
அச்சுக்குப் போனது போகட்டும். போட்டதைச் சந்தி சேர்த்து 'உறுப்பெடுத்தல்' என்றாவது போட்டிருக்கலாம், குற்றியலுகரம் என்ன பாவம் செய்தது? என் கட்டுரையில் நான் 'உறுப்புக் கொய்தல்' என்றுதான் எழுதுவேன். கொய்யாப்பழம் பற்றி நாளை தனி மடல்.