ட்ராப் ஃபேக்டர்: சொட்டெண்ணா, துளிக்காரணியா?

அன்புடையீர், வணக்கம்.

செவிலியர் பயிற்சிக் கையேட்டில் சிரைவழித் திரவக் கணக்குப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ட்ராப் ஃபேக்டர்' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. ஒரு மி.லி. திரவம், ட்ரிப் ஏற்றும் குழாயில் ('செட்') எத்தனை சொட்டாக விழும் என்பதுதான் அது. சாதாரண செட்டில் 20 (சிலவற்றில் 15), சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் 60. உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

பாடத்தில் வரும் கணக்கு: 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், 20 செட். 500 × 20 ÷ 240 = 41.67. நிமிடத்துக்கு 42 சொட்டு. இதில் 20-உம் சொட்டு, 42-உம் சொட்டு. மாணவிகள் தடுமாறுவது இங்கேதான். 'சொட்டெண்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நிற்குமா?

*

ஐயா, 'துளிக்காரணி' என்க. காரணி பள்ளிக் கணக்கில் வேரூன்றிய சொல். துளிக்கோ வள்ளுவர் சான்று இருக்கிறது, "விசும்பின் துளிவீழின்" என்று. துள் என்னும் வேரிலிருந்தே துளி, துள்ளல், துளும்பல் மூன்றும் கிளைத்தன என்பது என் துணிபு. நிறைந்து, தளும்பி, பிரிந்து விழுவது துளி. குழாய் முனையில் நடப்பதும் அதுவே. தவிர, 'சொட்டு மருந்து' என்றால் தமிழ்நாட்டில் போலியோ முகாம்தான் நினைவுக்கு வரும். அது வாயில் விடுவது.

*

துளியின் அழகை மறுக்கவில்லை ஐயா. ஆனால் சொட்டறையை (குழாயில் சொட்டு விழும் சிறு அறை) கண்மட்டத்தில் பார்த்து, கடிகாரத்தில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் செவிலியரின் வாயில் வருவது 'சொட்டு'. காரணியும் உதவாது. 24-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று படித்து வந்த பிள்ளை இங்கே எதை வகுப்பது என்று தேடும்.

சொட்டெண்ணை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வார்டில் '20 நம்பர்' என்றால் சிரையில் செருகும் இளஞ்சிவப்பு கேனுலா. மூக்குவழி இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபுக்கு ஒரு நம்பர், சிறுநீர்க் குழாயான ஃபோலிக்கு ஒரு நம்பர். அங்கே இன்னொரு எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

குழம்பினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 20 செட்டுக்குக் கணக்குப் போட்ட 42 சொட்டை 60 செட்டில் வைத்தால் மணிக்கு 42 மி.லி.தான் போகும். 4 மணி நேர பாட்டில் ஏறி முடிய ஏறத்தாழ 12 மணி நேரமாகும். மறுபக்கம் இதைவிடக் கொடியது. குழந்தைக்கு மணிக்கு 20 மி.லி. என்று மைக்ரோ செட்டில் 20 சொட்டு ஓடுகிறது. செட் மாற்றும்போது சாதாரண செட் மாட்டி, அதே 20 சொட்டை வைத்தால் மணிக்கு 60 மி.லி.! மும்மடங்கு திரவத்தைச் சின்ன உடம்பு தாங்காது.

மி.லி.யை எதால் பெருக்குகிறோமோ அதுதானே இது? 'சொட்டுப்பெருக்கி' எனலாமே.

*

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. ஒலிபெருக்கி, உருப்பெருக்கி எல்லாம் கருவிகள். சொட்டுப்பெருக்கி என்றால் எங்கள் தாதிய மாணவர்கள் சொட்டைக் கூட்டும் ரோலர் என்றுதான் எடுப்பார்கள்.

அலகையே பெயருக்குள் வைத்தால் என்ன? உறையில் இருப்பது மில்லிச்சொட்டு, கடிகாரத்தில் எண்ணுவது நிமிடச்சொட்டு. 'மில்லிச்சொட்டு 20, நிமிடச்சொட்டு 42' என்று எழுதினால் இரண்டும் கலக்காது.

*

மில்லிவோல்ட் வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மில்லிச்சொட்டு சொட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கல்லவா? அறிவியல் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார். ஒட்டுச்சொல்லைப் பெயராக்குவது எனக்கு ஒப்பில்லை.

*

ஐயா, 'நூறு மில்லி பால்' என்று கேட்டு வாங்கும் ஊரில் மில்லி எப்போதோ பெயராகிவிட்டது. இலக்கணமும் இடிக்கவில்லை. கூலிக்குப் படை கூலிப்படை, மில்லிக்குச் சொட்டு மில்லிச்சொட்டு.

இதைவிட அவசரமான ஒன்று. அதே பாடத்தில் மில்லிகிராமுக்கு 'மி.கி.', மைக்ரோகிராமுக்கு 'மை.கி.' என்று இருக்கிறது. கையெழுத்தில் 'மி'யும் 'மை'யும் மயங்கினால் பிழை ஆயிரம் மடங்கு. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமைன் மருந்தின் கணக்கையே எடுங்கள். 200 மி.கி. மருந்தை மொத்தம் 50 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.க்கு 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் 5 × 60 × 60 = மணிக்கு 18,000. அதை 4000-ஆல் வகுத்தால் மருந்தேற்றும் பம்பில் மணிக்கு 4.5 மி.லி. இதில் முதல் 60 எடை, அடுத்த 60 நிமிடம். அங்கேயே ஒருமுறை இடறுவார்கள். மைக்ரோகிராமைச் சுருக்கவே வேண்டாம், முழுதாக எழுதுங்கள்.

*

மை.கி.யை எல்லாப் பக்கத்திலும் நீக்கிவிட்டேன், நன்றி அம்மா. மூன்று பேர் ஒப்பியதால் 'மில்லிச்சொட்டு' அச்சுக்குப் போகிறது. முதலில் வரும் இடத்தில் 'ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை சொட்டு' என்று விரித்தும் எழுதியிருக்கிறேன்.

*

போகட்டும். அடுத்த பதிப்பில் சொல்லடைவிலாவது 'துளிக்காரணி காண்க' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். சொட்டு, சொட்டை, சொட்டான் ஆகியவற்றின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.