கலைச்சொல்: தோட்டாக் கூட்டில் 'தலைப் பிரிவு' வேண்டாம், 'அடியறுதல்' என்போம்

அன்பர்களுக்கு வணக்கம். துப்பாக்கித் தோட்டா பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். அவற்றில் மூன்று:

> கேஸ் – கூடு
> நெக் ஸ்பிளிட் – கழுத்துப் பிளவு
> கேஸ் ஹெட் செப்பரேஷன் – தலைப் பிரிவு

முதல் இரண்டும் அருமை. 'கூடு' யாருக்கும் புதிதாக இராது. மூன்றாவதை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். இது வெறும் சொல் விருப்பம் இல்லை, கண்ணும் கையும் சம்பந்தப்பட்டது.

பித்தளைக் குடத்துக்கு நம் வீட்டில் என்னென்ன பெயர் சொல்கிறோம்? வாய், கழுத்து, தோள், வயிறு, அடி. ரைபிள் தோட்டாவின் கூடும் அதே வடிவம், அதே பித்தளை (செம்பு 70, துத்தநாகம் 30). ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பக்கத்தை 'ஹெட்' என்கிறார்கள். அதை அப்படியே 'தலை' ஆக்கினால், சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்பப் புதிதாகப் பழகுகிறவர் குண்டு உட்காரும் வாய்ப்பக்கத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். ஆபத்து இருப்பதோ மறுமுனையில்.

நான் டெக்சாஸில் .308 வின்செஸ்டர் என்ற வகை ரைபிள் தோட்டாவை நிரப்பத் தொடங்கிய புதிதில், ஐந்தாவது முறை சுட்ட ஒரு கூடு அடி அறுந்து போனது. போல்ட்டை (தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) இழுத்தேன், கட்டைவிரல் நகம் அளவுக்கு அடி மட்டும் வந்தது, மிச்சக் குழாய் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. முகத்தில் லேசாகச் சூடு பட்டது, கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. தவறு என்னுடையது. சைசிங் டையை (சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அடிவரை இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். சுடும்போது கூட்டின் மெல்லிய முன்பகுதி அறைச்சுவரைக் கவ்விக்கொள்கிறது. தடித்த அடி பின்னே போய் போல்ட்டில் முட்டுகிறது. இரண்டுக்கும் இடையில் பித்தளை ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, மெலிந்து, கடைசியில் அறுகிறது. போல்ட் ரைபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் தள்ளினால் போதும்.

எனவே என் முன்மொழிவு: அடியறுதல். 'அடி விட்டுப்போச்சு' என்று பழைய குடத்தைச் சொல்வதுண்டு, ஆனால் அது பற்றவைத்த இடம் விடுவது. இங்கே பற்றே கிடையாது. கயிறு நைந்து நைந்து அறுவதுபோல் உலோகம் அறுகிறது.

அறுவதற்கு முந்திய நிலைக்கு நைவு வளையம் என்று வைக்கலாம். அடிக்குச் சற்று மேலே, வெளியே பளிச்சென்று ஒரு கோடு சுற்றி ஓடும். இதில் புதியவர்கள் குழம்புவார்கள், ஏனென்றால் டை உரசிய தடமும் ஏறக்குறைய அங்கேதான் விழும். ஊக்குக் கம்பியை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்துக் கூர்மையாக்கி, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து வாய்நோக்கி உள்சுவரில் இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் அது நைவு. கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். வழுக்கிக்கொண்டே வந்தால் அது வெறும் டைத் தடம்.

கழுத்துப் பிளவுக்குக் காரணமே வேறு. மீண்டும் மீண்டும் அளவாக்கியதில் கழுத்து இறுகி உடைகிறது. கழுத்தையும் தோளையும் மட்டும் காய்ச்சி ஆற்றினால் ஆயுள் கூடும். அடியைக் காய்ச்சவே கூடாது, இளகிப்போனால் அழுத்தத்தைத் தாங்காது.

> சீசன் கிராக்கிங் – பருவ வெடிப்பு

இதற்கும் ஒரு வேண்டுகோள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே கீறல்விட்டு வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளங்கியது. 'பருவ வெடிப்பு' என்றால் பழி மழைக்குப் போய்விடுகிறது. அம்மோனியா வெடிப்பு என்றால், அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தில் கூட்டைத் தேய்க்கப் போகிறவர் பெயரைக் கேட்டதுமே கையை நிறுத்துவார்.

'நைவு வளையம்' என்பதைவிடச் சுருக்கமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'தேய்வு' மட்டும் வேண்டாம். அது உரசலால் வருவது.